ஒரே மாதிரி வராத வெளிச்சம்

குருநகரில் இருக்கும் லவீனா காலையில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பாள். பின்னேரம் சைக்கிளில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குப் போவாள். மேற்பட்டத்துக்காக அவள் எடுத்த வேலை சொல்லச் சின்னது. நுண்ணிய கோடுகள் நெருக்கமாகக் கீறிய கண்ணாடித் தகட்டுக்குக் கிரேற்றிங் என்று பெயர். அதில் லேசர் பட்டால் ஒளி பிரிந்து, சுவரில் நடுவே ஒரு புள்ளியும் பக்கங்களில் வேறு புள்ளிகளும் விழும். எந்தப் புள்ளிக்கு எவ்வளவு வெளிச்சம் போகிறது என்று அவள் அளக்க வேண்டும்.

மில்லிமீற்றருக்கு நூறு கோடுள்ள தகட்டில் எல்லாம் ஒழுங்காக வந்தது. ஆயிரத்து இருநூறு கோடுள்ள தகட்டுக்கு மாறியதும் குழப்பம் தொடங்கியது. லேசரின் மொத்த வெளிச்சம் மாறாமலே இருக்க, பக்கப்புள்ளி சில நிமிடம் மங்கும், பிறகு தெளியும்.

"உம்மடை அளவு ரெண்டு நாள் ஒரே மாதிரி வரேல்லை, லவீனா," என்றார் மேற்பார்வையாளர் பிரியந்தினி. "மேசை ஆடுதோ, கை ஆடுதோ, பாரும்."

மேசைக்கு அடியில் றப்பர் வைத்தாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க அளந்தாள். இரண்டு வருடம் அப்படியே போனது. வெளிநாட்டிலிருந்து இரவல் வாங்கிய அந்த நுண்ணிய தகட்டைத் தவணை முடிந்து திருப்பி அனுப்ப வேண்டியும் வந்தது.

அனுப்புவதற்கு முதல்நாள், அண்ணன் பிரகாஸ் கடலுக்குப் போகும்போது போடும் கறுப்புக் கண்ணாடி அவள் கண்ணில் பட்டது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் கண்கூச்சத்தை வெட்டும் கண்ணாடி; ஒரு திசையில் ஆடும் ஒளியை மட்டும் உள்ளே விடும்.

"அண்ணை, உதை ஒருக்கால் தாறியளே?"

"கொண்டு போ. கீறிப்போடாதை."

அதை லேசருக்கும் தகட்டுக்கும் நடுவில் பிடித்துத் திருப்பினாள். ஒரு நிலையில் பக்கப்புள்ளி மங்கி நடுப்புள்ளி ஓங்கியது. கால்வட்டம் திருப்பினால் பக்கப்புள்ளி ஓங்கியது. கோடுகளுக்கு இணையாக ஆடும் ஒளியையும் குறுக்காக ஆடும் ஒளியையும் நுண்ணிய தகடு ஒரே மாதிரிப் பிரிப்பதில்லை. முனைவாக்கம் என்று பாடத்தில் அவளே படிப்பித்த விசயம். லேசர் சூடேறச் சூடேற அதன் ஒளி ஆடும் திசை மாறிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுடைய கையில் பிழை இல்லை.

தகட்டை அனுப்பிவிட்டு வந்து அவள் சொன்ன எல்லாவற்றையும் பிரியந்தினி பொறுமையாகக் கேட்டார். "நீர் கண்டது சரி. ஆனா அளக்கேக்கை ஒளி எந்தத் திசையிலை ஆடினது எண்டு எங்கையும் எழுதி இருக்கோ?"

"இல்லை, மிஸ்."

"அப்ப உந்த அளவுகளை வைச்சு நான் என்ன செய்ய?"

திருத்தவும் வழியில்லை, திரும்ப அளக்கவும் தகடு இல்லை. கால நீடிப்புக் கேட்ட கடிதத்துக்கு நான்கு வரியில் மறுப்பு வந்தது. லவீனா அலுவலகத்தில் ஆய்வுகூடக் கதவின் திறப்பைத் திருப்பிக் கொடுத்து, படிப்பை விடுவதாகக் கையெழுத்து வைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்துக்கு வெளியே வரும்போது, பக்கத்துவீட்டு மார்கிரட் அவளுடைய படிப்பைப் பற்றி விசாரித்தாள். விசயம் தெரிந்த தாய் லூர்த்தம்மா முந்திக்கொண்டாள்.

"பிள்ளை முடிச்சிட்டாள். இனிப் பட்டம் வாங்கிறதுதான் மிச்சம்."

லவீனா வாய் திறந்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டாள்.