அம்மா ஷூவோடு ஏறிய வண்டி

எங்கள் அம்மா முதல் பரீட்சையில் தோற்றதற்குக் காரணம் பக்தி. இதைச் சொன்னால் இன்றைக்கும் வீட்டில் எனக்குத் திட்டு விழும். விழட்டும், நடந்தது அதுதான்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் முழுக்கப் புண். இனிமேல் அளத்தில் இறங்கினால் கால் உருப்படாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் வசதியில்லாத பெற்றோருக்கு இலவசத் தொழிற்பயிற்சி என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். மதியச் சாப்பாடு உண்டு, பஸ் காசு உண்டு, கூட வரும் பிள்ளைகளுக்கு அங்கேயே ட்யூஷனும் உண்டு, பாஸானால் குடோனில் வேலையும் உண்டு. தையல் வகுப்பு நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது ஃபோர்க்லிஃப்ட். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளால் சரக்கைத் தூக்கி வைக்கிற வண்டி. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அம்மா மிரண்டு போனாள். “சும்மா போளா, பாத்துக்கிடலாம்” என்று தள்ளிவிட்டது அப்பாதான்.

அப்பா லோடுமேன். துறைமுகச் சாலைக் குடோன்களில் மூட்டை சுமப்பார். கூடச் சுமக்கிற மாமா ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, “அண்ணாச்சி, ஒம்ம வீட்டுக்காரி வண்டி படிச்சிட்டு வந்து நமக்கே ஆப்பு வைக்கப் போறா, பாத்துக்கிடும்” என்றார். “வச்சிட்டுப் போறா, போலே” என்று அப்பா சிரித்தார். என்ன ஆப்பு, யாருக்கு ஆப்பு என்று தெரியாமல் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

வண்டி அம்மாவுக்குச் சீக்கிரமே வசப்பட்டுவிட்டது. பரீட்சை வைத்த நாள்தான் கோளாறு. ஆயுத பூஜை முடிந்த கையோடு வைத்தார்கள். வண்டியைக் கழுவிச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தார்கள். அப்பா தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சுமக்க ஆரம்பிப்பார். அதையே பார்த்துப் பழகிய அம்மா, குங்குமத்தைக் கண்டதும் போட்டிருந்த சேஃப்டி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வண்டியைத் தொட்டுக் கும்பிட்டு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தாள்.

“எம்மா, இது என்ன கோயிலா? எறங்குங்க கீழ!” என்று பரீட்சை வைக்க வந்தவர் கத்தினார். ஷூ இல்லாமல் வண்டியில் ஏறக்கூடாதாம். அவ்வளவுதான், ஃபெயில். இன்னொரு தடவைதான் விடுவோம், அதிலும் தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். எனக்கு அந்த ஆளைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

மறுபரீட்சைக்கு அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கூடவே வந்தார். குங்குமம் இன்னும் வண்டியில் அப்படியே இருந்தது. அம்மா ஷூவைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், காலே நகரவில்லை.

“நீ ஷூவோட ஏறு. ஒனக்கும் சேத்து நான் செருப்பைக் கழட்டிட்டு நிக்கேன்” என்றார் அப்பா. சொன்னபடியே வேலிக்கு வெளியே சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றார். உச்சி வெயில் வேறு.

அம்மா ஏறினாள். பலகையில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளை அலுங்காமல் தூக்கி, பின்னால் வந்து, திரும்பி, லாரியில் வைத்தாள். பிறகு அடுத்த பலகை, அதற்கடுத்தது. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் ஒரு காலைப் பொழுது முழுக்கச் சுமக்கிற சரக்கு அது. வாங்கிய டீ ஆறுவதற்குள் லாரி நிறைந்துவிட்டது. “பாஸ்” என்றார் அன்றைக்குக் கத்திய அதே மனிதர்.

நான் குதித்தேன். அப்பாவும் பலமாகக் கைதட்டினார். தட்டிய கையால் தோளைத் தடவிக்கொண்டே, நிறைந்த லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. ஐயோ பாவம், கால் சுடுகிறது என்று ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டேன்.

“அம்மாதான் ஜெயிச்சாச்சுல்லாப்பா, போட்டுக்கிடுங்க.”

“ஆமாளா, ஜெயிச்சுட்டா” என்று மாட்டிக்கொண்டார். செருப்பைப் போட்ட பிறகும் அவர் கண்ணீர் ஏன் நிற்கவில்லை என்பது மட்டும் எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை.