கல்லாற்றுக்குத் தெற்கே வரக்கூடாதவர்

பொலிஸ்காரன் பெண்சாதியாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான்; சம்பளமில்லை, லீவில்லை, தண்டனை மட்டும் உண்டு. காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கை வெந்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததல்ல.

கிழிந்த பக்கம்

என் புருஷன் சார்ஜன்ட். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். அங்கே பொறுப்பதிகாரி ஒரு நெசவாளியை அடித்து விலாவை முறித்ததை இவர் கண்டார். கண்டதை ஸ்டேஷன் புத்தகத்தில் எழுதினார், மேலிடத்துக்கும் அறிவித்தார். விசாரணைக்கு ஆள் வந்தபோது அந்தப் பக்கத்தையே காணவில்லை. கிழித்தவர் இவர்தான் என்று வழக்குப் போட்டு மறியல் சிறையில் வைத்தார்கள்.

எழுதினவரே ஏன் கிழிக்க வேண்டும் என்று பொறுப்பதிகாரியிடம் போய்க் கேட்டேன். மனிதர் முகம் மாறாமல் சொன்னார்: "அதைத்தான் தங்கச்சி, நாங்களும் கேக்கிறம்."

ஒரு மாதம்

கொன்வென்டில் சிஸ்டர்மார் அடித்துப் புகட்டிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு புதிய அரசியலமைப்பை வாசித்தேன். சட்டத்தின் முன் எல்லாரும் சமம். உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றம் போகலாம். மனுவுக்கு அவருடைய கையொப்பம் வேண்டும். மறியலிலோ இன்று பெரியவர் இல்லை, நாளை வா என்று அலைக்கழித்தார்கள். கையொப்பம் கிடைத்தது முப்பத்துமூன்றாம் நாள். லோயரின் கிளாக்கர் மனுவைத் திருப்பித் தந்தார்: "சட்டம் நல்ல சட்டம்தான் ராத்தா. நீங்கதான் சுணங்கிட்டீங்க."

இத்தா

பிணை கிடைத்தது. நிபந்தனை, வழக்கு முடியும்வரை கல்லாற்றுக்குத் தெற்கே கால் வைக்கக் கூடாது. எங்கள் வீடு மருதமுனையில். கல்லாற்றில் ஒரு சிநேகிதர் வீட்டு அறையில் தங்கினார்.

நம்மூரில் கலியாணம் முடித்த ஆம்பிளை பெண்சாதி வீட்டில்தான் இருப்பார். வாசலில் இவருடைய செருப்பைக் காணாத ஊர், தலாக் என்று தீர்ப்பே எழுதி, மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் இத்தா நாளையும் எண்ணத் தொடங்கிவிட்டது. கலியாணம் பேசித் திரியும் மனுஷி ஒருத்தி வெற்றிலையை மென்றுகொண்டு வந்து உட்கார்ந்தாள்: "இத்தா எப்ப புள்ள முடியிது? சம்மாந்துறையில நிறைய வயலுள்ள போடியார் ஒருத்தர் இருக்கார். பல்லெல்லாம் சொந்தப் பல்லு."

ஒரு கையொப்பம்

வெள்ளிக்கிழமைதோறும் சோறு கட்டிக்கொண்டு கல்லாற்றுக்குப் போவேன். அரை மணி நேரம்கூட இல்லாத பஸ் பயணம். வீட்டிலோ அவருடைய தலையணையை இன்னும் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்து வைக்கிறேன், யாருக்கென்று கேட்காதீர்கள்.

ஒருநாள் பொறுப்பதிகாரி ஒரு தாள் கொடுத்தனுப்பினார். 'நான் எழுதியது பொய்' என்று கையொப்பம் வைத்தால் வழக்கு வாபஸ். கொண்டுபோனது நான்தான். அவர் வைக்க வேண்டுமென்றே கொண்டுபோனேன், மறைக்கவில்லை. அவர் சாப்பிட்டார், கை கழுவினார், தாளை இரண்டு தரம் வாசித்தார். பேனையைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்: "நீ சொல்லு புள்ள. வைக்கச் சொன்னா வச்சிட்டு இந்த பஸ்ஸிலயே உன்னோட வாறன்."

ஊரெல்லாம் ஏசித் திரியும் இந்த வாய் அந்த ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று நின்றதால்தான், சொந்தப் புருஷனை நான் இன்றைக்கும் டிக்கட் எடுத்துப் போய்ப் பார்க்கிறேன்.