லேசாகக் கிள்ளும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கிள்ளும். கல்யாணமாகி சேரன்மகாதேவிக்கு வந்த மறுநாள் காலையில் பால் எடுக்கப் போன என்னை மாமா, அதாவது என் மாமனார், கூடத்தில் இருந்தபடியே நிறுத்தினார்.

"ஏம்மா, வெறுங்காலோட தொட்டுராத. அங்கன கெடக்க செருப்பப் போட்டுக்கோ. லேசாக் கிள்ளும். வேற ஒண்ணும் செய்யாது."

ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. வாசலைத் தாண்டிச் செருப்பு வரக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பான வீடு. அடுக்களைக்குள் அந்த ஒரு ஜோடிக்கு மட்டும் எப்படியோ அனுமதி கிடைத்திருந்தது. வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் எனக்கும் தெரியாமல் போனது.

இத்தனைக்கும் நான் அறிவியல் டீச்சர். சிவப்பு மின்னோட்டக் கம்பி, கறுப்பு நடுநிலைக் கம்பி, பச்சை புவிக்கம்பி என்று வருஷா வருஷம் பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைப்பவள். இயந்திரத்தின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் பச்சைக் கம்பி அதை மண்ணுக்குள் கொண்டுபோய்விடும், இல்லையென்றால் தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு பால் எடுப்பேன். பாடத்தில் மின்கசிவு, வீட்டில் கிள்ளு. குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிறோமே, அதே சொல். அந்தச் சொல்தான் என்னை ஏமாற்றியது என்று இப்போது தோன்றுகிறது. கிள்ளுகிற ஒன்றைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

என் கணவருக்குக் கூடங்குளத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கணக்கு வேலை. சனிக்கிழமை வந்து திங்கள்கிழமை விடியலில் போய்விடுவார். கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "அணு உலைக்கு அவ்வளவு பக்கத்துல வேலை பாக்காவளே, ஒனக்குப் பயமா இல்லையா?" நான் சிரித்துவைப்பேன். வீட்டு அடுக்களையைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

மகளுக்கு நான்கு வயதானபோது மாடியில் இரண்டு அறை கட்டினோம். மாடிக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பித்ததும் மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். மாடியை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்தார். அங்கே எல்லாம் விதிப்படி இருந்தது. கீழே இறங்கியவர் ஃப்ரிட்ஜின் முன்னால் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். செருப்பு எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. பிளக்கைக் கழற்றி, சுவரில் இருந்த மூன்று துளைகளை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மூணாவது துளைக்குப் பின்னால கம்பியே இல்ல," என்றார். "கீழேயும் ஒழுங்கா எர்த் போடணும். ட்ரிப்பர் ஒண்ணு மாட்டணும். கரண்ட் கசிஞ்சா அதுவா விழுந்து வீட்டையே அணைச்சிரும்."

மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. மாமா கருவூல அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விதி என்றால் அவருக்கு உயிர். ஆனால் அவருடைய அப்பா கட்டிய சுண்ணாம்புச் சுவர் அதைவிடப் பெரிய உயிர்.

"புது வீட்டுக்குத்தான விதி? இது பழசு. பழசு பழசாவே இருந்துட்டுப் போட்டும்."

"அண்ணாச்சி, ஒங்க பழைய வீட்டுக்குன்னு தனியா பழைய கரண்ட் வரலியே," என்றார் வந்தவர்.

கடைசியில் பாதிக்குப் பாதியாக முடிந்தது. சுவரை உடைக்க மாமா சம்மதிக்கவில்லை. ட்ரிப்பரை மட்டும் மாட்டினோம். எங்களுக்கு வழக்கமாக வேலை செய்கிற எலக்ட்ரீசியன் அண்ணாச்சி மாடியில் ஒன்றும் கீழே ஒன்றும் பொருத்தினார். மாடியில் இருந்தது ஒருநாளும் விழவில்லை. கீழே இருந்தது பின்கட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போதெல்லாம் விழுந்தது. மாவு அரைபடும், டப்பென்று எல்லாம் நிற்கும். வந்து தூக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடியும் விழும். மாடித் தொட்டியில் பாதித் தண்ணீர்கூட ஏறாது. காலாண்டுத் தேர்வு நேரம் வேறு. நான் எரிச்சலின் உச்சத்தில் இருந்தேன்.

அன்று அண்ணாச்சியை வரச் சொல்லி நான் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"என்ன செய்வியளோ தெரியாது அண்ணாச்சி. இது இனிமே விழக்கூடாது."

"சரி டீச்சர்," என்றார். சுவிட்சுப் பலகையைத் திறந்து என்னவோ செய்தார். ஒரு காப்பி ஆறுகிற நேரம்தான். அதன்பிறகு அது விழவே இல்லை. நாலு பேரிடம் அவரைப் பற்றிப் பெருமையாகவும் சொன்னேன்.

அடுத்த மாதம் குழாய் வேலைக்காரர் வந்து, தெருவிலிருந்து பின்கட்டு வரை துருப்பிடித்துக் கிடந்த இரும்புக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் பதித்தார். பின்கட்டு முற்றத்தில் கை கழுவுகிற இரும்புக் குழாயை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். நல்ல வேலை, சுத்தமான வேலை. அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு மழை வந்தது. ஆறு நிறைந்து ஓடியது. வயலெல்லாம் வெள்ளம். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாமா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கையெல்லாம் சாக்பீஸ் தூளாக இருந்த மகள் கை கழுவப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அம்மா, பைப்பு கிள்ளுது."

நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "செருப்பப் போட்டுக்கோ," என்றேன்.

சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. அடுக்களைக்குள் போய் அந்தப் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டாள். சளப் சளப்பென்று பின்கட்டை நோக்கி நடக்கும் சத்தம் கேட்டது. நான் ஒரு விடைக்கு மதிப்பெண் போட்டேன். அடுத்த விடையின் முதல் வரியைப் படித்தேன். அப்புறம்தான் அவள் சொன்னது எனக்குள் இறங்கியது. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிள்ளும். பைப்பு கிள்ளியதே இல்லை.

எழுந்து ஓடினேன். கூடத்திலிருந்து பின்கட்டுக்கு இருபது எட்டுகூட வைக்க வேண்டாம். அந்த இருபது எட்டுக்குள் பட்டதைப் போல ஒரு பயத்தை நான் பிரசவத்தில்கூடப் படவில்லை. முற்றத்தில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். படியை விட்டு இறங்கி அதற்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. இடது செருப்பின் குதிகாலில் ஓட்டை விழுந்து மாதக்கணக்காகிறது, புதுசு வாங்க வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் குழாயை நோக்கிக் கையை நீட்டியிருந்தாள்.

கத்தினேன். மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடக்கூடாது, காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும் என்று பாடம் நடத்துகிறவள் நான். கட்டையெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை. பாய்ந்து அவள் கவுனைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் படியில் விழுந்தோம். அவள் அழ ஆரம்பித்தாள். நான் இழுத்தபோது அவளுடைய விரலுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மாமாவின் மடியில் போட்டேன். "காலக் கீழ வைக்க விடாதீங்க மாமா," என்றேன். என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் திரும்பி ஓடினேன். படியில் நின்று, புறங்கையால் குழாயை லேசாகத் தொட்டேன். உலக்கையால் அடித்த மாதிரி தோள் வரை இறங்கியது. அது கிள்ளல் இல்லை. முதல் தடவை அவள் இதே படியில் நின்று கையை நீட்டியிருக்கிறாள். அப்போது படி காய்ந்திருந்தது. அதனால்தான் வந்து என்னிடம் சொல்ல முடிந்திருக்கிறது.

பலகைக்கு ஓடினேன். ட்ரிப்பர் விழாமல் நிமிர்ந்து நின்றது. அதில் சோதித்துப் பார்க்கச் சின்னதாக ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் விழுந்தாக வேண்டும். அமுக்கினேன். விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடியது. பைத்தியம் பிடித்தவள் போல மறுபடி மறுபடி அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மெயின் சுவிட்சை இழுத்து அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் காவலுக்கு ஆள் இருக்கிறது என்று நம்பித் தூங்கியிருக்கிறோம். அங்கே காவல்காரனின் சட்டை மட்டும்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணாச்சி நனைந்துகொண்டே வந்தார். பலகையைத் திறந்தார். கம்பி ட்ரிப்பருக்குள் நுழையாமல் அதைச் சுற்றிக்கொண்டு நேராக வீட்டுக்குள் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது பைய ஒரு வார்த்தை சொன்னார்.

"நீங்கதான டீச்சர் விழாமப் பண்ணச் சொன்னிய."

ஆமாம். நான்தான் சொன்னேன். ஏன் விழுகிறது என்று நான் கேட்கவில்லை. விழக்கூடாது என்றுதான் சொன்னேன். என் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அது ஒரு நாளைக்கு நாலு தடவை விழுந்துகொண்டிருந்தது. அதன் வாயை அடைத்தது நான்.

அவர் முற்றத்துக்குப் போய்க் குழாயின் அடியில் காட்டினார். மோட்டாரின் பச்சைக் கம்பி குழாயைச் சுற்றி முறுக்கியிருந்தது. "அப்பமெல்லாம் இப்படித்தான் எர்த் குடுப்பாவ. குழாய் இரும்பா இருந்தவரைக்கும் கசிஞ்சது மண்ணுக்குப் போயிட்டு. இப்பம் வெளிய பூராவும் பிளாஸ்டிக்கு. எங்க போவும்? இந்தக் குழாய்லயே நிக்குது." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "குழாய் மாத்துனப்பம் நானும் வந்து பாத்திருக்கணும். மன்னிச்சிருங்க."

மாமா பேத்தியை இறக்கிவிடாமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "புள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்று அதற்குள் நாலைந்து தடவை கேட்டுவிட்டார். இப்போது அண்ணாச்சியைப் பார்த்து, "சுவர ஒடைங்க வே," என்றார். "எங்கெங்க ஒடைக்கணுமோ ஒடைங்க." பிறகு என்னிடம் திரும்பினார். "செருப்பு தேயத் தேய மாத்திக்கிட்டே இருந்தேன். ஒரு தடவகூட வயர மாத்தணும்னு தோணல பாத்தியாம்மா."

வேலை மூன்று வாரம் நடந்தது. சுண்ணாம்புத் தூள் சோற்றில்கூட விழுந்தது. பின்கட்டில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, எர்த் குழாய் இறக்கினார்கள். ட்ரிப்பர் அதன் இடத்துக்கு வந்தது. முன்பு வந்த அதே அலுவலர் மறுபடி வந்து, கருவியை வைத்து அளந்து, இப்போது சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நீலச் செருப்பை மாமாவே எடுத்துக்கொண்டுபோய் எங்கோ எறிந்தார்.

பயம் மட்டும் போகவில்லை. எதைத் தொட்டாலும் முதலில் புறங்கையால்தான் தொட்டேன். பள்ளியில் சுவிட்ச் போடப் பிள்ளைகளை விடாமல் நானே போட்டேன். மோட்டார் ஓடும்போது மகள் எங்கே இருக்கிறாள் என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. நாளுக்கு இரண்டு தடவை பொத்தானை அமுக்கி வீட்டை அணைத்தேன். சனிக்கிழமை வந்த கணவர், மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்று சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

வேலை முடிந்து ஒரு வாரம் இருக்கும். நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். மகள் வெறுங்காலோடு வந்து, ஃப்ரிட்ஜின் கதவில் உள்ளங்கையை முழுசாகப் பதித்தாள். அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கவலையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, ஃப்ரிட்ஜு கிள்ளவே மாட்டேங்குது. செத்துப்போச்சா?"

"இல்லட்டி, இப்பதான் அது நல்லா இருக்கு," என்றேன். "இனிமே கிள்ளாது. பயப்படாம தொடலாம்."

அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். பழையதை எறிந்த மறுநாளே கடைத்தெருவில் வாங்கி, யாருக்கும் சொல்லாமல் அடுக்களைக்குள் கொண்டுவந்திருந்த புது ரப்பர் செருப்பு என் காலில் இருந்தது.

"அப்ப நீ மட்டும் ஏன் போட்டிருக்க?"

செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினேன். தரை சில்லென்று இருந்தது. அவள் கைக்குப் பக்கத்தில் என் உள்ளங்கையை வைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. அதுவரை அவள் தன் கையை எடுக்காமல் எனக்காகக் காத்திருந்தாள்.