இழுவை இல்லாத மாவு

பப்ஸ் போடுகிற தொழிலில் பாதி வேலை காத்திருப்பது. மைதா இல்லாமல் பப்ஸ் போடுவதென்றால் மீதிப் பாதியும் காத்திருப்பதுதான். வீட்டு அடுப்பில் ஊருக்குப் பலகாரம் செய்து, நல்லதை விற்று, கருகியதைத் தானே தின்று காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும். புரியாதவர்கள் அரிசி மாவை ஒரே ஒரு தடவை துணி மாதிரி மடித்துப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

எழுபதுகளில் நாங்கள் மூணாறு மலையில், சித்திரபுரத்தில் மின்சார வாரியக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வெயிலில் வளர்ந்த உடம்பு. இங்கேயோ மத்தியானத்திலேயே மஞ்சு என்கிற பனிமூட்டம் இறங்கிவிடும். சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அடுப்பைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் நான் வேலை செய்கிறேனா, தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் இருந்த கோட்டயத்து நர்ஸ் சேச்சி, மாற்றலாகிப் போகும்போது பப்ஸ் போடச் சொல்லிக்கொடுத்து, தன் தகரப் பெட்டி அடுப்பையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். சும்மா இருந்த என்னைத் தொழிலதிபர் ஆக்கியது அந்தப் பெட்டிதான்.

வாசலில் நின்றவள்

சனிக்கிழமை பப்ஸ் நாள். வெண்ணெய் உருகுகிற வாசம் குவார்ட்டர்ஸைத் தாண்டி, கீழே எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயம் வரைக்கும் போகும். லயத்துப் பிள்ளைகள் ஓடி வரும், வாங்கும், ஓடிவிடும். ஒருத்தி மட்டும் வாங்கவும் மாட்டாள், போகவும் மாட்டாள். செல்வி, ஐந்து வயது இருக்கும். கை கால் எல்லாம் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். அவள் அம்மா பேச்சியம்மாள் தென்காசிப் பக்கத்துக்காரி, எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். அப்பா மாடசாமிக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை.

பிள்ளை பாவம், காசு இல்லை போலிருக்கிறது என்று நினைத்து ஒரு பப்ஸை எடுத்து நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியதில், கோதுமை, மைதா, ரவை எதுவும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது, தின்றால் வயிற்றால் போய்க்கொண்டே இருக்கும், உடம்பு தேறாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். இன்றைக்கு அதற்குக் குளூட்டன் என்று ஒரு பெயர் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்கள் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று செல்வி சொன்னது இவ்வளவுதான்: "நான் திங்க மாட்டேன் பெரியம்மா, மோந்து மட்டும் பாத்துக்கிடுதேன்."

அரிப்பொடி

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மைதாவே இல்லாமல் அவளுக்கு ஒரு பப்ஸ் போட்டுக் கொடுத்துவிடுவது என்று கிளம்பினேன். பேச்சியம்மாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது முகம் மலர்ந்துதான் கேட்டாள். மைதாவுக்குப் பதிலாக எதைப் போடுவீர்கள் என்றாள். அரிசி மாவுக்கு எங்கள் பாலக்காட்டுப் பக்கம் வாயில் வருவது மலையாளப் பெயர்தான். யோசிக்காமல், "அரிப்பொடி" என்றேன்.

அவள் மலைக்குக் கல்யாணமாகி வந்தவள், மலையாளம் அவ்வளவாகப் பழகவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, பிள்ளைக்கு வயித்துல இருக்க சீக்கு பத்தாதுன்னு மேலுக்கு அரிப்பு வேறயா?"

ஸ்பானர்

மைதாவில் ஒரு இழுவை உண்டு. இழுத்தால் வரும், விட்டால் திரும்பப் போகும். நடுவே வெண்ணெயை வைத்து எத்தனை மடிப்பு மடித்தாலும் கிழியாது. பப்ஸின் உயிரே அந்த இழுவையில்தான் இருக்கிறது. அரிசி மாவுக்கு அது கிடையாது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கொழுக்கட்டைக்குக் கிளறுவதுபோல் கிளறினேன். கப்பை மாவு, அதுதான் மரவள்ளி மாவு, சேர்த்தேன். கூவைக்கிழங்கில் எடுக்கிற கூவைப்பொடி சேர்த்தேன். முட்டை ஊற்றினேன். எல்லாம் உருட்டும்வரை நல்ல பிள்ளையாக இருக்கும், மடிக்கிற நேரத்தில் வெடித்துவிடும்.

ஒரு மத்தியானம் மஞ்சுக்குள் உட்கார்ந்து மாவு ஆறுவதற்குக் காத்திருந்தவள், அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் மாவு இழுக்க இழுக்க வந்தது. ஜன்னல் வழியாக வெளியே போயிற்று, தேயிலைச் சரிவு முழுக்க வெள்ளையாக விரிந்தது. எங்கேயும் கிழியவில்லை. ஒரு முனையை நான் பிடித்திருக்கிறேன், மறுமுனை பள்ளிவாசல் பவர் ஹவுஸ் பக்கம் எங்கேயோ இருக்கிறது. அந்த இழுவை விரல் நுனியில் அப்படியே தெரிந்தது. விழித்துப் பார்த்தால் கையில் காய்ந்த அரிசி மாவு, வெளியே வெறும் மஞ்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்குப் பிடிவாதமாகச் சுட்டு எடுத்த ஒன்றை வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். லைனில் கம்பம் ஏறுகிறவர், பல் எல்லாம் கெட்டி. இந்தப் பக்கம் கடித்தார், அந்தப் பக்கம் கடித்தார். தட்டில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ரொம்பப் பரிவாகத்தான் கேட்டார்: "ஏம் புள்ள, ஸ்பானர் எடுத்துட்டு வரட்டுமா?"

கரண்ட் ஊர்

தகரப் பெட்டி அடுப்புக்கு என் வீட்டுக்காரரே ஹீட்டர் கம்பி போட்டுக் கொடுத்திருந்தார். ஊருக்கெல்லாம் கரண்ட் போவது எங்கள் மலையிலிருந்துதான், ஆனால் எங்கள் வீட்டில் நினைத்தால் நிலைத்து நிற்கும், நினைத்தால் போகும். ஒரு சனிக்கிழமை பப்ஸ் பாதி வெந்திருக்கும்போது போய்விட்டது. செல்வியைக் கூட்டிப்போக வந்த மாடசாமி, சரி, வரட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்தான். செல்வி அவன் மடியில் சாய்ந்துகொண்டு வாசத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவனாகத்தான் பேச்சை எடுத்தான். கோதுமையைக் கண்ணில்கூடக் காட்டாமல் வைத்திருக்கிறோம், அப்படியும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, நடக்கவே தெம்பில்லாமல் போகிறது என்றான். மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பங்குனி போகட்டும், தென்காசியில் தன் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிடப்போகிறேன் என்றான். பேச்சியம்மாள் கூடப் போக முடியாது, வேலை போய்விடும், லயத்து வீடும் போய்விடும். அவள் சம்மதிக்கிறாளா என்று கேட்டேன். தினமும் ராத்திரி அழுகிறாள் என்றான். அதற்குள் முழுக்க இருட்டிவிட்டது. கரண்ட் வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "இந்த ஊருல கரண்டே நிக்க மாட்டேங்கு, பிள்ளை எப்படி நிக்கும் மதினி?"

பெருங்காயம்

பங்குனி கடைசியில் ஒரு நாள் பேச்சியம்மாள் ஒரு பெருங்காயக் கட்டியைக் கொண்டுவந்தாள். லயத்து வீட்டுக் குளிரில் கல்லாகிவிட்டது, உங்கள் அடுப்புச் சூட்டில் கொஞ்சம் இளக்கிக் கொடுங்கள் என்றாள். தென்காசிக்குக் கொடுத்தனுப்பத்தான். பிள்ளைக்கு வயிறு கலங்குகிற போதெல்லாம் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுப்பாளாம். மோரில் அது, ரசத்தில் அது, வெந்நீரில் அது. வயிற்றுக்கு அதைவிட நல்லது எது? நானே செல்விக்காகச் சோதனையாகப் போடுகிற பப்ஸுக்கெல்லாம் வட்டவடையில் விளைகிற காரட்டும் உருளைக்கிழங்கும் வதக்கும்போது ஒரு கிள்ளு கூடுதலாகப் போட்டுத்தான் பழக்கம்.

பெட்டியின் மேல் வைத்த கட்டி இளகியது. ஒரு துண்டைக் கிள்ளி விரலால் பிசைந்தேன். மஞ்சு உள்ளே வந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள் டிரங்குப் பெட்டியில் என்னென்ன வைத்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாதிதான் கேட்டேன். இரண்டு விரலுக்கு நடுவே பெருங்காயம் நீண்டது. இழுத்தேன், வந்தது. விட்டேன், திரும்பப் போனது. கனவில் பள்ளிவாசல் வரைக்கும் போன அதே இழுவை. இத்தனை மாதமாக அரிசியிலும் கிழங்கிலும் நான் தேடிக் கிடைக்காதது, இந்தக் கட்டிக்குள் எப்படி வந்தது? பெருங்காயமே ஒரு பிசின், பிசினும் இழுக்கும்தான். ஆனால் இந்த இழுவையை என் விரலுக்குத் தெரியும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளையும் இழுத்துக்கொண்டு மூணாறு கடைவீதிக்குப் போனேன். கடைக்கார ராவுத்தரும் பாலக்காட்டுக்காரர்தான், என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். பெருங்காயத்தில் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டேன். நான் குறை சொல்ல வந்ததாக நினைத்து முதலில் கொஞ்சம் முறைத்தார். அப்புறம், "மாவு சேர்க்காம வெறுங்காயத்தை எப்படி அம்மிணி கட்டியாக்கறது? எல்லாரும் கோதம்பு மாவு போட்டுத்தான் கட்டறாங்க, தெரிஞ்ச சங்கதிதானே" என்றார்.

பெருங்காயத்துக்குள் கோதுமை. ஊருக்கே தெரிந்த சங்கதி, எங்களுக்குத் தெரியவில்லை. பேச்சியம்மாள் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஏறிப் பாதி வழி வந்துவிட்டோம். கண்ணாடியெல்லாம் மஞ்சு, ரோடே தெரியவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னாள்: "யக்கா, சீக்கு கூடக் கூட, மருந்துன்னு நான்லா கூடக் கூட ஊட்டினேன்."

அடுக்கு

மாடசாமி லேசில் நம்பவில்லை. பெருங்காயம் பிள்ளையைப் படுத்துமா என்று என்னைப் பார்த்தே சிரித்தான். ஆனாலும் பெண்டாட்டி டிரங்குப் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டதால், சரி, வைகாசி வரைக்கும் பார்ப்போம் என்றான். சித்திரை கடைசிக்குள் செல்விக்கு வயிற்றுப்போக்கு நின்றது. வைகாசியில் லயத்துப் படியைத் தானாக ஏறி வந்தாள். மாடசாமி டிரங்குப் பெட்டியைக் காலி செய்து, அதில் விறகு போட்டு வைத்தான்.

எனக்கும் ஒரு புத்தி வந்தது. இழுவையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மடித்தால்தானே வெடிக்கும்? அரிசி மாவையும் கூவைப்பொடியையும் வாழையிலையில் அடை மாதிரி மெல்லிசாகத் தட்டி, வெண்ணெய் தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். நடுவே பெருங்காயம் இல்லாத காரட் மசாலா. அன்றைக்குக் கரண்ட்டும் என்ன நினைத்ததோ, கடைசிவரை போகாமல் நின்றது. பெட்டியைத் திறந்தால் அடுக்கு அடுக்காகப் பொரிந்து, ஏறக்குறைய பப்ஸ் மாதிரியே இருந்தது. ஸ்பானர் தேவைப்படவில்லை.

செல்வி வந்து வழக்கம்போல் வாசலில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பேச்சியம்மாள் பிள்ளையின் வாயையே பார்த்தாள். நானும்தான். பிள்ளை பப்ஸை ரொம்ப நேரம் மோந்து பார்த்தாள். அப்புறம் கடித்தாள். வாயெல்லாம் உதிர்ந்து ஒட்டியது. கண்ணை மூடி மென்றாள், விழுங்கினாள், கடைசித் துணுக்கு வரைக்கும் தின்று முடித்தாள். நிதானமாக யோசித்து, தீர்ப்பைச் சொன்னாள்: "பெரியம்மா, மோந்து பாக்கும்போது இன்னும் நல்லா இருந்துச்சு."

சொல்லிவிட்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள். குறை சொல்லிக்கொண்டே இரண்டாவதுக்குக் கை நீட்டுகிற வாடிக்கையாளர் ஒருத்தி கிடைத்துவிட்டால், பப்ஸ் போடுகிறவள் அதற்குமேல் ஆசைப்படக் கூடாது.