சொரூபம் சரிந்ததை நான் மட்டும் பார்த்தேன்

தொண்ணூற்றேழாம் ஆண்டு என்று நினைக்கிறேன். என் மகளுக்கு நான்கு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. அதை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறேன். புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறிப் போனால் வரும் ஒரு றப்பர் தோட்டத்தில் அப்போது இருந்தோம். நான் பால் வெட்டப் போவேன். என் கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார்.

நான் பிறந்தது மாரியம்மனைக் கும்பிடும் குடும்பத்தில். கல்யாணமான மூன்றாம் வருடம் கணவருக்குக் குடி மிஞ்சிப் போய், வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் வந்தன. அந்த நேரத்தில்தான் ஒரு பாஸ்டர் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து எங்களுக்காக ஜெபித்தார். கணவர் குடியை விட்டார். அது எப்படி நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளக்கத் தெரியாது, ஆனால் விட்டார். நான் சபையில் சேர்ந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வேகம் இருக்குமே, அது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. பொட்டை அழித்தேன், தோட்டைக் கழற்றினேன், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

தோட்டத்தில் இருபது குடும்பம் போலக் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். சின்னதாக ஒரு மாதா கோயிலும் இருந்தது. மற்றவர்களுக்கு நாங்களும் அவர்களும் ஒன்றுதான். எல்லோரையும் சேர்த்து 'வேதக்காரங்க' என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. சிலை வைத்துக் கும்பிடுகிறவர்கள், மாதாவிடம் வேண்டுதல் வைக்கிறவர்கள், செபமாலை உருட்டுகிறவர்கள் எப்படிக் கிறிஸ்தவர்கள் ஆவார்கள்? எங்கள் சபையில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நானும் அதைப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லித் தந்தேன்.

லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் ஒரு கத்தோலிக்க அக்கா இருந்தார். ஐப்பசியில் அவர்களுடைய கோயில் திருவிழா வரும். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் வாளி பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து, "தங்கச்சி, பவனிக்கு முன்னால பூப் போடுறதுக்குச் சின்னப் புள்ளைங்க வேணும். ஒம் புள்ளையையும் அனுப்புறியா? வெள்ளைச் சட்டை நானே தைச்சுத் தாறேன்" என்றார்.

அவர் ஆசையாகத்தான் கேட்டார். நான் சும்மா முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

"எம் புள்ள செலைக்கு முன்னால பூப் போட மாட்டா. கோவிச்சுக்காதீங்கக்கா, நீங்க எல்லாம் கிறிஸ்தவங்களே இல்ல" என்றேன்.

பீலியைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். "ஒரே ஏசுசாமிக்கு ரெண்டு சண்டையா?" என்று யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "அப்ப நாங்க யாரு தங்கச்சி?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சத்தியத்தைத் தைரியமாகச் சொல்லிவிட்டோம் என்று அன்று முழுக்க ஒரு பெருமை வேறு.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. லயத்துப் பக்கம் ஒலிபெருக்கிச் சத்தமாக இருக்கும் என்று, எங்கள் ஆராதனையை, ஓயா என்று நாங்கள் சொல்லும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டத்து மேற்பிரிவில் ஒரு வீட்டில் வைத்தார் பாஸ்டர். ஓயாவைக் கடக்க அங்கே பாலம் கிடையாது. தண்ணீருக்கு நடுவில் ஒரு பெரிய பாறை உண்டு. அதற்கு இரண்டு பக்கமும் கற்களைப் போட்டு மேலே சீமெந்து பூசியிருப்பார்கள். அதில் கால் வைத்து நடப்போம். சாதாரண நாளில் கணுக்கால்கூட நனையாது.

ஆராதனை முடிந்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் மூன்று மணி போலத் திரும்பினோம். மற்றவர்கள் எல்லாம் முன்னாலே போய்விட்டார்கள். மகள் மெதுவாக நடந்ததால் நானும், வீட்டுக்காரர்களிடம் பேசிவிட்டு வந்த பாஸ்டரும் கடைசியாக வந்தோம். எங்களுக்கு வெயில்தான் அடித்தது. மேலே மலைப் பக்கம் மட்டும் வானம் கறுத்திருந்தது.

பாறையில் ஏறி நின்றபோது தண்ணீரின் நிறம் மாறியதைக் கவனித்தேன். தேத்தண்ணி நிறத்தில் இலையும் சுள்ளியுமாக வந்தது. "சீக்கிரம் நடங்க" என்று பாஸ்டர் சொல்லி வாய் மூடவில்லை, முன்னால் இருந்த கற்களைக் காணோம். திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த வழியும் இல்லை. மேலே கொட்டிய மழை மொத்தமாக இறங்கிவிட்டது. ஓயாவில் அப்படி ஓர் இரைச்சலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

பாஸ்டர் என் மகளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். அவரும் இளவயதுக்காரர்தான், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். பைபிளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாய் ஓயாமல் ஜெபித்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் பாறையின் மேல் ஏறி என் கால்விரலைத் தொட்டது. பிறகு கணுக்கால். எனக்கு ஜெபம் வரவில்லை. மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பாட்டுக் கேட்டது.

கரையோரமாகப் போகும் வண்டிப் பாதையில் பவனி வந்தது. முன்னால் ஒரு லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரில் ஒலிபெருக்கி. அதற்குப் பின்னால் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள். கூட்டம் நெருக்காமல் இருக்க இரண்டு பக்கமும் நீளமாகக் கயிறு பிடித்து வந்தார்கள். நடுவில் எட்டு ஆண்கள் தோளில் மாதா சொரூபம். நீளமான இரண்டு பாக்கு மரங்களில் பலகைத் தட்டைக் கட்டி, அதன்மேல் பூவும் காகிதமும் சோடித்து நிற்கவைத்திருந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நம்பிக்கை இல்லை, பயம். போன வாரம் பீலியில் நான் சொன்னது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நிற்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பாஸ்டர் கத்தினார். மைக் இல்லாமல் பிரசங்கம் செய்யும் குரல் அது. ஒலிபெருக்கியையும் ஓயாவையும் தாண்டிப் போயிற்று. ஒரு தலை திரும்பியது. அடுத்த காம்பரா அக்காதான். முக்காடு போட்டு, கையில் மெழுகுதிரியுடன் வந்தவர் எங்களைப் பார்த்து அப்படியே நின்றார். மறு நொடி, "பவனிய நிப்பாட்டுங்க. மாதாவ எறக்குங்க" என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

கோயிலிலிருந்து தூக்கிய சொரூபத்தைத் திரும்பக் கோயிலுக்குள் கொண்டுபோகும் வரை தரையில் வைக்க மாட்டார்கள். தோள் மாற்றுவார்களே தவிர, கீழே இறக்க மாட்டார்கள். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பவனியோடு வந்த ஃபாதர் சிங்களவர். பூசையைத் தமிழில் வாசித்து வைப்பார், பிரசங்கம் பாதியில் சிங்களமாகிவிடும். அன்று அவருக்குத் தமிழ் வரவே இல்லை. "பிம தியன்ன, பிம தியன்ன" என்று, கீழே வைக்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே தட்டு தரையைத் தொட்டுவிட்டது.

சொரூபத்தை இரண்டு பேர் தூக்கிப் பாதையோரச் சேற்றில் நிறுத்தினார்கள். பாக்கு மரம் இரண்டையும் அவிழ்த்தார்கள். அவற்றைத் தலையோடு தலை சேர்த்து ஒரே மரமாகக் கட்ட, பவனிக் கயிறு இரண்டில் ஒன்றை வாங்கினார்கள். சொரூபத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். மரத்தைத் தூக்க ஆள் போதவில்லை என்று யாரோ கூப்பிட்டதும் அவரும் கையை எடுத்துவிட்டு ஓடி வந்தார்.

சொரூபம் மெல்லச் சரிந்தது. முகம் சேற்றில் பட விழுந்தது. விழுந்த வேகத்தில் கை ஒன்று உடைந்து தனியே தெறித்தது.

அதைப் பார்க்க நேரம் இருந்தது எனக்கு மட்டும்தான். சத்தம் கேட்டிருக்கும். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அத்தனை பேர் கண்களும் எங்கள் மேலேயே இருந்தன. தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்த அந்த நேரத்தில்கூட என் உடம்பு சிலிர்த்தது. பயத்தால் இல்லை. ஏதோ பரிசுத்தமான ஓர் இடத்தில் கூப்பிடாமல் வந்து நிற்பது போல இருந்தது.

கட்டிய மரத்தைத் தண்ணீருக்கு மேலாகத் தள்ளினார்கள். பாஸ்டர் ஒரு கையால் அதன் நுனியைப் பிடித்துப் பாறை வெடிப்பில் சொருகி, காலால் மிதித்துக்கொண்டார். கரையில் பத்துப் பேர் மறு முனையை அமுக்கிப் பிடித்தார்கள். அக்காவின் புருஷன் இடுப்பில் மற்றக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அந்த மரத்தைப் பிடித்தபடி நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி வந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"மாமா கழுத்தக் கட்டிக்க. கண்ண மூடிக்க" என்று மகளிடம் சொன்னார். அவளைக் கொண்டுபோய்விட்டு, திரும்பவும் வந்து என்னைக் கூட்டிப் போனார். கரையேறியதும் அக்கா தன் தலை முக்காட்டை உருவி என் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நனைந்த என் முதுகைத் தடவிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

பாஸ்டர் வரும்போது பாறைப் பக்கம் மரத்தைப் பிடிக்க ஆள் இல்லை. அக்காவின் புருஷன் மூன்றாம் தடவையும் போய், அதே கயிற்றைப் பாஸ்டர் இடுப்பிலும் சேர்த்துக் கட்டி, இருவருமாக இறங்கினார்கள். பாதி வழியில் மரம் வெடிப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் தண்ணீருக்குள் மறைந்தார்கள். கரையில் ஆண், பெண், ஃபாதர் எல்லோருமாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். நானும் இழுத்தேன். ஒரே கயிற்றில் இருவரும் கரைக்கு வந்து விழுந்தார்கள். அக்காவின் புருஷனுக்கு முழங்காலில் எலும்பு தெரியும் அளவுக்குக் காயம். பாஸ்டர் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார்.

அதன் பிறகுதான் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதர் முழங்காலில் உட்கார்ந்து, சொரூபத்தின் முகத்தைத் தன் வெள்ளை அங்கியால் துடைத்தார். அக்கா சேற்றைத் துழாவி உடைந்த கையைத் தேடி எடுத்து, அந்த ஈர முக்காட்டில் சுற்றிக்கொண்டார். தூக்க மரம் இல்லை; ஓயா கொண்டுபோய்விட்டது. நான்கு பேர் சொரூபத்தை நோயாளியைத் தூக்குவது போலக் கையில் ஏந்திக்கொண்டார்கள். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, வாயால் பாடிக்கொண்டே நடந்தார்கள்.

எங்களுக்கும் அதே பாதைதான். மகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். பாஸ்டர் வெறுங்காலோடு கடைசியாக வந்தார். அவர் பாடவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பிஸ்கட் பெக்கட்டை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் புருஷன் தையல் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். "மாதாவச் சேத்துல வைக்க ஒங்களுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?" என்றுதான் கேட்டேன்.

"கஷ்டமா இல்லாம? எங்க பாட்டன் காலத்துச் சொரூபம். அந்த ஒடஞ்ச கையப் பாத்துப் பாத்து வீட்டுல வந்து அழுதேன்" என்றார். புருஷனின் காலுக்கு மேல் போர்வையை இழுத்துவிட்டு, "அவளே கையில புள்ளைய வச்சிக்கிட்டு நிக்கிறவ. ஒம் புள்ள தண்ணியில நிக்கிறப்ப அவளத் தூக்கிக்கிட்டு நாங்க எப்படிப் போறது?" என்றார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அக்கா பிஸ்கட்டைப் பிரித்து என் கையிலேயே இரண்டைக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு சபையில் எங்களுக்காக நன்றி ஜெபம் நடந்தது. "பட்டினி கெடந்த எலியா தீர்க்கதரிசிக்கு அசுத்தமான காகத்துக்கிட்ட சாப்பாடு குடுத்து அனுப்புன மாதிரி, கர்த்தர் அவங்கள அனுப்பினாரு" என்று ஒருவர் சாட்சி சொன்னார். பலர் ஆமென் என்றார்கள். பாஸ்டர் எழுந்து, "அவங்கள காகம்னு சொல்லாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சிலைகளைப் பற்றிய அவருடைய எண்ணம் மாறவில்லை. ஆனால் அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று அவர் சொல்லி அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. சபையில் இரண்டு குடும்பம் அதனால் அவரோடு கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போயிற்று.

இப்போது தோட்டத்தை விட்டு வந்து பல வருடங்களாகிவிட்டன. நான் இன்றும் அதே விசுவாசத்தில்தான் இருக்கிறேன். சொரூபத்துக்கு முன்னால் என்னால் இன்றும் முழங்கால் போட முடியாது. புதிதாக வருகிற பிள்ளைகள், "கத்தோலிக்கர் எல்லாம் கிறிஸ்தவங்களாக்கா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். வசனம் சொல்லி வாதாட எனக்கு இப்போது தைரியம் இல்லை. ஒரு மனிதன் யாரைக் கும்பிடுகிறான் என்று அறிய வேண்டுமானால், தோளில் இருக்கும் விலைமதிக்க முடியாத ஒன்றை அவன் யாருக்காகக் கீழே இறக்கி வைக்கிறான் என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது.