நெப்ராஸ்காவில் நின்ற மாமா

வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த அந்த 2009 மே மாதம் முழுவதும் என் மாமா நெப்ராஸ்காவில் நின்றார். அதாவது, அப்படித்தான் சொன்னார். ட்ரக் ஓடுபவர். அமெரிக்காவின் நட்டநடுவில் கிடக்கும் அந்தப் புல்வெளி மாநிலத்துக்கு இறைச்சி ஏற்றப் போயிருக்கிறாராம். ரொறன்ரோத் தமிழ்ச்சனம் முழுக்கச் சண்டையை நிப்பாட்டச் சொல்லிக் கொடியோடு றோட்டில் நிற்கிற நேரத்தில் இவருக்கு மட்டும் என்ன நெப்ராஸ்கா என்று எங்கள் வீட்டில் சந்தேகம் தொடங்கியது.

அம்மாவுக்கு வேறு பதைப்பு. அவருடைய கடைசித் தம்பி, என் சின்ன மாமா, வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். செய்தி வந்தால் மாமாவின் போனுக்குத்தான் வரும். மாமாவோ போன் எடுத்தால் என்னோடு மட்டும்தான் கதைப்பார். அங்கே மணலிலேயே குன்றுகள் உண்டாம். மரமில்லாததால் வந்தேறிய சனம் புல்லோடு மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டினார்களாம். செக் நாட்டாருக்கு ஓர் ஊர், சுவீடன்காரருக்கு இன்னோர் ஊர். எல்லோருக்கும் முன்னே அது பவ்னி என்ற ஆதிக்குடிகளின் நிலமாம். அம்மா போனைப் பறித்து, "அண்ணை, தம்பியின்ரை கதை ஏதும் வந்ததோ?" என்றால் உடனே சிக்னல் போய்விடும்.

"ஆரோ ஒருத்தியைப் பிடிச்சிட்டார் போல" என்று அம்மா மூக்கைச் சிந்தினார்.

அப்பாவும் முன்பு ட்ரக் ஓடியவர். "நானும் நெப்ராஸ்கா போனனான். எனக்குத் தெரிஞ்சது றோட்டும் கக்கூசும்தான். உவருக்கு உந்தச் சரித்திரமெல்லாம் ஆர் சொன்னது?"

எனக்குப் பத்து வயது. துப்பறிவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். அடுத்த முறை மாமா எடுத்தபோது, "அங்கை இப்ப எத்தினை மணி?" என்று மெல்லக் கேட்டேன். "அஞ்சு" என்றார். எங்கள் குசினி மணிக்கூட்டிலும் ஐந்து. நெப்ராஸ்கா எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பின்னால் என்பது அப்பா சொல்லித் தந்தது. ஆள் ஆப்பிட்டார்!

அந்தக் கிழமையே நேரிலும் பிடித்தேன். பள்ளிக்கூடம் விட்டு எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த அஜின்கோர்ட் நூலகத்துக்குப் போனால், சிறுவர் பகுதியில், முழங்கால் நாடியில் முட்ட ஒரு குட்டிக் கதிரையில் மாமா இருந்தார். தாடி வளர்ந்து கிடந்தது. மடியில் நெப்ராஸ்கா பற்றிய படப்புத்தகம்.

"மாமா, நீங்கள் அங்கை போகவே இல்லையோ?"

திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு மண்வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார்.

"இவைக்கு ஊர்ச் செய்தி வந்துசேர மாசக்கணக்காகுமாம், பிள்ளை. குடுத்துவைச்ச சனம்."

போன்கூட இல்லாத சனம் என்னத்தைக் கொடுத்துவைத்தது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா கண்ணைத் துடைத்தார். "அம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்றார்.

சின்ன மாமாவின் செய்தி அவருடைய போனுக்கு எப்போதோ வந்துவிட்டது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அதை அம்மாவின் முகம் பார்த்துச் சொல்லவும் ஏலாமல், மறைக்கவும் ஏலாமல்தான் அந்த மனிதர் நெப்ராஸ்காவுக்குப் போயிருக்கிறார். பாவம். அன்றைக்கு எனக்கோ ஒரு பெரிய ரகசியம் கையில் கிடைத்த சந்தோசப் புளுகம். துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குசினியில் அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "தம்பி தப்பி வந்தானெண்டால் அவனை எங்கை படுக்க விடுறது?"

"என்ரை அறையைக் குடுங்கோ" என்றேன்.