உதைக்காத அக்கா

இன்று மாலை, பழைய சண்டை வீடியோ கேமைக் கணினியில் எமுலேட்டர் மென்பொருள் வழியாகப் போட்டு, உடுமலையில் இருக்கும் அக்காவுடன் இணையத்தில் ஆடினேன். தொடக்க இசை கேட்டதும் சோமனூர் வீட்டின் தறிச் சத்தமும், பஞ்சுத் தூசி படிந்த டிவியும் திரும்பி வந்தன. தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறை முழுக்க இதே ஆட்டத்தில் அவளைத் தோற்கடித்து, ஒவ்வொரு வெற்றியையும் தேதியிட்டு நாட்குறிப்பில் எழுதினேன். அவள் குத்துவாள், உதைக்கவே மாட்டாள்.

இன்று முதல் சுற்றிலேயே உதைத்து வீழ்த்தினாள்.

"ஏனக்கா, உதைக்க எப்பக் கத்துக்கிட்டே?" என்று ஹெட்போனில் கேட்டேன்.

"அப்பவே தெரியும் கண்ணு. நம்ம ரெண்டு கன்ட்ரோலர்ல ஒண்ணுல உதைக்கற பட்டன் வேலை செய்யாது. அது உன்ற கைக்கு வந்தா ஊட்டையே ரெண்டாக்கிப்போடுவே. அதான் நானே வெச்சுக்கிட்டேன்."

பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு வெற்றிக்கும் பக்கத்தில் 'அக்கா கொடுத்தது' என்று எழுதி, இன்றைய தேதியிட்டேன்.